தலையாட்டியது தெரியவில்லை

தென்காசியிலிருந்து கிளம்பிய, கரிவாயுவில் ஓடும் பஸ் சாரலில் குற்றாலத்துக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன்சீட்டில் ஒரு நடுவயதுக்காரி, பக்கத்தில் அவள் கணவரின் தங்கை. மூத்தவள் திடீரென்று சொன்னாள்:

“ஏட்டி, எனக்குக் கண்ணு மங்க மங்க, உங்கண்ணன் அழகாயிக்கிட்டே வருதாவ.”

இளையவளுக்குப் புரையேறியது. “அந்த அம்மைத் தழும்போடயா மதினி?”

“தழும்பு போன வருசமே போயிட்டு. இந்த வருசம் நரையும் போயிட்டு.”

“இன்னும் மங்கும்னு டாக்டர் சொன்னாருல்லா?”

“மங்கட்டும். அடுத்த வருசம் புது மாப்பிள்ளையால்லா வந்து நிப்பாவ.”

“அருவிக்குப் போவக் கூடாதுன்னு அண்ணன் தலையாட்டுனாவளே, மதினி.”

“ஆட்டுனாவளாட்டி? எனக்குத் தெரியலயே.”

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார்.

அருவியில் பெண்கள் பக்கம் அவர்களுக்குப் பின்னால்தான் நின்றேன். தலையில் தண்ணீர் விழுந்ததுமே இளையவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அலறினாள்.

“மதினி, எனக்கு ஒண்ணுமே தெரியல.”

“இங்கன யாருக்குட்டி தெரியுது? எனக்குப் பழக்கம். நீ என் கையைப் பிடிச்சிக்கிட்டு வா.”