பூமிக்கு வைத்த ஒற்றைத் தோடு

என் பெயர் குமுதினி புவனேந்திரன். வயது ஐம்பத்தொன்று. பீலெஃபெல்ட் நகரில் கணவருடன் வசிக்கிறேன். ட்ராம் ஓட்டுநராக வேலை செய்கிறேன். எனக்கு ஜெர்மன் மொழி நன்றாகத் தெரியும். ஆனாலும் பூசை விடயத்தை அந்த மொழியில் சொல்லப்போய் அது வேறொன்றாகிவிடக்கூடாது என்பதால், மொழிபெயர்ப்பாளர் திருமதி சிவசக்தி மூலம், பொலிஸ் அதிகாரி திருமதி வெரோனிக்கா முன்னிலையில், தமிழில் சொல்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாகவே பஸ் எடுத்து வந்தேன்.

வந்த காரணம் இது. எங்கள் குழுவின் தலைவி யூலியா, தோண்டும் இடத்தில் போலிப் பொருட்களைப் புதைத்துவிட்டு அவற்றைக் கண்டெடுத்ததாக நாடகம் ஆடினார் என்று ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது. அவருடைய அனுமதியையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அங்கே கிடைத்த தங்கத் தோடு என்னுடையது. அதை வைத்தவள் நான். யூலியாவுக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது.

எங்கள் குழு பழைய இடங்களைத் தேடிப்போகிற ஒரு பொழுதுபோக்குக் குழு. நானும் கணவரும் இரண்டு வருடமாக அதில் இருக்கிறோம். முன்னொரு காலத்தில் ஓடையில் தங்கம் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, வேலை வெட்டியை விட்டுவிட்டு நாங்கள் தோண்டும் மலைக்காட்டுக்கு ஓடிவந்தவர்கள் கட்டிய குடிசைகள் அங்கே இடிந்து கிடக்கின்றன. தங்கம் கிடைக்காததால் அவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன தட்டுமுட்டுச் சாமான்களைத் தேடுவதற்கு நினைவுச்சின்னங்கள் அலுவலகத்தில் யூலியா முறைப்படி Antrag என்கிற விண்ணப்பம் போட்டு அனுமதி எடுத்திருந்தார். நாங்கள் சனிக்கிழமைகளில் போய்த் தோண்டுவோம்.

இந்தக் கோடையில் கடைசிக் குடிசையில் தோண்டத் தொடங்கினோம். அதன் பிறகு எங்களுக்குத் துருப்பிடித்த ஆணிகளைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. அதன் பிறகு மண்வெட்டியின் பிடி முறிந்தது. அதன் பிறகு யூலியாவின் கால் சுளுக்கியது. அன்று வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர், "நிலத்துக்கு ஒண்டும் குடுக்காமல் கொத்திக்கொண்டு நிண்டால் அது எங்களுக்கு என்னத்தைத் தரும், சொல்லும் பாப்பம்?" என்று கேட்டார். அவர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. எங்கள் ஊரில் கிணறு வெட்டினாலும் வீட்டுக்கு அத்திவாரம் போட்டாலும் முதலில் பூசை செய்து, நவதானியமும் ஒரு பொட்டுத் தங்கமும் மண்ணில் வைப்போம். இதைச் செய்யாமல் தொடங்கியது எங்கள் பிழை என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மற்றவர்கள் கார் நிறுத்துமிடத்துக்குச் சாப்பிடப் போனபோது நானும் கணவரும் பின்னுக்கு நின்றோம். கைத்தொலைபேசியில் திசை பார்த்து, ஈசான மூலை பழைய அடுப்புக்கல்லின் ஓரத்தில் வருவதைக் கண்டுபிடித்தேன். தேங்காய் உடைத்தோம். நவதானியம் தூவினோம். காட்டில் நெருப்புக் கூடாது என்று பலகை இருந்ததால் கற்பூரம் கொளுத்தவில்லை. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு பின்பக்கம் முடுக்குகிற சுரை தொலைந்துபோனதால் போட ஏலாமல் கிடந்த என் ஒற்றைத் தோட்டைக் கல்லோரம் மண்ணுக்குள் செருகினேன். கணவர் பார்த்துவிட்டு, "பூமாதேவிக்குக் குடுக்கிறதிலயும் உமக்குக் கஞ்சத்தனமோ?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அளந்து, படம் எடுத்துத் தோண்டுகிற இடத்தில் புதிதாக ஒரு பொருளை வைக்கக்கூடாது என்பது அந்த நேரம் எங்கள் இருவரின் மண்டையிலும் ஏறவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை எனக்கு வேலை. கணவர் மட்டும் போனார். அங்கே நடந்ததை அவர் வாயாலும் பிறகு யூலியா வாயாலும் கேட்டேன். யூலியா உலோகம் தேடும் கருவியைப் பிடித்துக்கொண்டு அடுப்புக்கல்லின் ஓரத்துக்கு வந்தபோது அது கத்தியிருக்கிறது. தோடு வெளியே வந்ததும் எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துத் துள்ளியிருக்கிறார்கள். சுளுக்கிய காலோடு யூலியாவும் துள்ளினாராம். உண்மையைச் சொல்லவேண்டிய என் கணவர் வாயில் கொழுக்கட்டை வைத்தவர் போல நின்றிருக்கிறார். அவ்வளவு சந்தோசத்தை உடைக்க மனம் வரவில்லை என்று சொன்னார். அவரைத் திட்டத்தான் நினைத்தேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

அதன் பிறகு, இன்னும் ஏதும் இருக்கும் என்று நினைத்து எல்லோருமாகச் சேர்ந்து அடுப்புக்கல்லையே புரட்டினார்கள். தோடு இல்லாவிட்டால் அந்தக் கல்லை ஒருவரும் தொட்டிருக்கமாட்டார்கள். கல்லுக்குக் கீழே மூடியோடு ஒரு சின்ன மண்குடுவை இருந்தது. அதற்குள் முட்டைக் கோதும் ஒரு செப்புக் காசும் இருந்தன. யூலியா உடனே எனக்குத் தொலைபேசி எடுத்தார். அந்தக் காலத்தில் இந்த நாட்டு ஆட்களும் வீடு கட்டும்போது வீட்டுக்கு நல்லது நடக்க அடுப்பின் கீழோ வாசலின் கீழோ முட்டை வைப்பார்கள் என்றும், இது அப்படி வைத்ததாகத்தான் இருக்கவேண்டும் என்றும் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தங்கம் தேடி வந்த அந்தப் பாவப்பட்ட சனங்களும் தோண்டுவதற்கு முதல் பூமிக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஓய்வறையில் நின்று தனியே சிரித்தேன். கூட வேலை செய்பவர் லொத்தர் விழுந்ததோ என்று கேட்டார். ஓம் என்று சொன்னேன்.

அதன் பிறகுதான் வினை வந்தது. அலுவலகத்து நிபுணர் தோட்டில் 916 என்ற முத்திரையைப் பார்த்து, இது நேற்றைய நகை என்று கண்டுபிடித்துவிட்டார். தோடு போலியாக வைக்கப்பட்டதென்றால் குடுவையும் அப்படித்தான் என்று சொல்லி இரண்டையும் ஒன்றாகத் தள்ளிவிட்டார். முறைப்பாடு யூலியாமேல் போனது. கணவர், "நீர் ஒற்றைத் தோட்டைக் குடுத்தீர், பூமாதேவி கோபத்தில பொலிசை அனுப்பியிருக்கிறா" என்றார். நான் மற்றத் தோட்டை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். அதை இப்போது ஒப்படைக்கிறேன். இரண்டும் ஒரே சோடி என்பதை யாரும் பார்த்துச் சொல்லலாம்.

அதிகாரி, முறைப்பாட்டோடு வந்திருந்த தோட்டை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தோடு என்னுடையது என்பதை ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு என்னிடம், ஒரே கல்லின் ஓரத்தில் தோட்டை வைத்த நீங்கள், கல்லுக்குக் கீழே குடுவையையும் வைக்கவில்லை என்று நான் எப்படி நம்புவது என்று கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. அதற்குள் முட்டை இருந்தது என்பதை அவருக்கு நினைவுபடுத்தினேன். பூசை என்றால் நாங்கள் அன்று வீட்டுக்குள் முட்டை சமைக்கவும் மாட்டோம். சந்தேகம் இருந்தால் ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போய் வாசலில் நிற்கும் எந்தத் தமிழரையும் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அதையும் அவர் சந்தேகத்தோடுதான் எழுதிக்கொண்டார். ஆகவே, "பொலிசுக்குப் பொய் சொன்னாலும் சொல்லுவன், பூமாதேவிக்கு முட்டை வைக்கமாட்டன்" என்று சொன்னேன்.

சிவசக்தி அதை மொழிபெயர்க்க முடியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டார். மொழிபெயர்த்ததும் அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். அதன் பிறகு என் முன்னாலேயே நிபுணருக்குத் தொலைபேசி எடுத்து, தோட்டையும் குடுவையையும் பிரித்து, முட்டைக் கோதின் வயதைப் பரிசோதிக்கச் சொன்னார். முறைப்பாட்டில் யூலியாவின் பெயர் இருந்த இடத்தில் என் பெயரை எழுதினார். எனக்கு அது சந்தோசம். தண்டம் விதித்தால் கட்டுவேன்.

இந்த வாக்குமூலத்தை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். நான் ஒரு திருத்தம் மட்டும் சொன்னேன். பொலிசுக்குப் பொய் சொல்லுவேன் என்றது பேச்சுக்குச் சொன்னது. முட்டை வைக்கமாட்டேன் என்றது சத்தியம். இந்த ஒரு திருத்தத்தைத் தவிர மேலே உள்ள ஒவ்வொரு வரியும் நடந்ததை நடந்தபடி சொன்னது என்பதை அறிந்து, என் விருப்பத்தோடு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) பு. குமுதினி