கிழக்குப் பாதி

— மெதுவா இழுங்க, கிழிஞ்சிடப் போகுது!

— கிழிஞ்சா சந்தோஷப்படுவேன்டி. பாரு, ஒரு நூல்கூடப் பிரியல. என் பனியன் புதைச்சப்போ இருந்த மாதிரியே இருக்கு. துவைச்சா நாளைக்கே போட்டுக்கலாம்.

— மேற்குப் பாதியில புதைச்சோமே, அது?

— அதுல தையல் நூல்தான் மிச்சம். மத்ததையெல்லாம் மண்ணுல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிருங்க தின்னு தீர்த்துடுச்சு. விவசாய ஆபீசுக்காரர் சொன்னது சரியாப் போச்சு. பருத்தித் துணி மக்கினா மண்ணுக்கு உயிர் இருக்கு, மக்கலேன்னா செத்துப் போச்சுன்னாரே.

— யாரு சாகடிச்சதாம்?

— நான்தான். இல்லேன்னா சொல்றேன்? ஒவ்வொரு தடவையும் இந்தக் கிழக்குல தக்காளி நடறதுக்கு முன்னாடி, வேர்ப்புழு சாகட்டும்னு மருந்தை ஊத்தி பிளாஸ்டிக் போட்டு மூடினேன். புழுவோட சேர்ந்து மத்ததும் போயிடுச்சு. ஆனா அந்தத் தக்காளியிலதானே நம்ம பொண்ணைப் படிக்க வச்சோம்?

— எங்க அப்பா நிலம்ங்க அது. தங்கச்சிக்கும் அதுல பாதி இருக்கு.

— அதாவது, அதைத்தான் நானும் சொல்றேன். இன்னிக்குப் பாகம் பிரிக்க வர்றா. வந்ததும் உள்ளதை உள்ளபடி சொல்லிடு.

— சொன்னா மேற்கைக் கேப்பா. இந்தச் செத்த மண்ணை வச்சுக்கிட்டு நாம என்ன பண்றது? உங்களுக்கு முட்டி வேற போச்சு. அவளுக்கென்ன, மாசம் பொறந்தா ஆஸ்பத்திரியில சம்பளம்.

— சம்பளம் வாங்கறவளை ஏமாத்தலாமா?

— அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. கார் சத்தம் கேக்குது பாருங்க, அவதான். அந்தப் பனியனைச் சாக்குக்கு அடியில தள்ளுங்க. சீக்கிரம்!

— அக்கா! என்ன இப்படி வேர்த்துக் கொட்டுது? மாமா, நல்லா இருக்கீங்களா? கையெல்லாம் மண்ணு!

— அதாவது... சும்மா கொத்திப் பார்த்தேன்மா.

— பதிவு ஆபீசுக்குப் போறதுக்குள்ள எது யாருக்குன்னு பேசிடலாம்க்கா. நீயே சொல்லு.

— கிழக்கை நீ எடுத்துக்கோ கண்ணு. ரோட்டை ஒட்டி இருக்கு. மேடு பள்ளம் கிடையாது, நல்ல மட்டமா இருக்கும்.

— அடேயப்பா, மட்டமானதைத் தங்கச்சி தலையில கட்டறியா?

— ஐயோ, சமமா இருக்குன்னு சொல்ல வந்தேன்டி!

— அதாவது, பைப்புகூடக் கிழக்குலதான் புதுசாப் போட்டிருக்கேன்மா.

— அடேயப்பா, ரெண்டு பேரும் கடை போட்ட மாதிரி பேசறீங்க! விளைச்சல் எப்படி மாமா?

— அதாவது... உரம் போட்டா வரும்.

— போடலேன்னா?

— இந்தக் காலத்துல போடாம யாரும்மா விளைய வைக்கறாங்க?

— ஏன்க்கா, இவ்வளவு கொத்தியிருக்கு, ஒரு மண்புழுகூடக் கண்ணுல படலையே?

— வெயில் கண்ணு. அடியில போயிருக்கும்.

— முந்தியெல்லாம் புழு நெளிஞ்சா நீ என் முதுகுல ஏறிக்குவே. பேருக்குத்தான் அக்கா.

— இப்பவும் பயம்தான்.

— எதுக்கு?

— புழுவுக்குத்தான்டி. வேற எதுக்கு?

— சரி, அப்போ கிழக்கு எனக்கு, மேற்கு உனக்கு. குறை ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுக்கா.

— என்ன குறை? அப்பா பார்த்துப் பார்த்து வச்சிருந்த மண்ணு.

— நீங்க என்ன மாமா சொல்றீங்க?

— அதாவது... நான் போய் வண்டியை எடுக்கறேன். நீங்க பேசிட்டு வாங்க.

— மாமா ஏன்க்கா என் முகத்தைப் பார்க்காமலே போறாரு?

— முட்டி வலி.

— முட்டி வலிச்சா முகத்தைப் பார்க்க முடியாதா?

— உனக்கு எல்லாத்துலயும் ஒரு கேள்வி. வா, போலாம்... கொஞ்சம் இரு கண்ணு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுக்கா.

— அது வந்து...

— ஆபீசு எங்கயும் ஓடிப் போயிடாது. நிதானமாச் சொல்லு.

— அடையாள அட்டை எடுத்துக்கிட்டியா?

— எடுத்துக்கிட்டேன். இதைத்தான் சொல்ல வந்தியா?

— இதைத்தான்.

— அக்கா, நான் ஆஸ்பத்திரி லேப்ல என்ன வேலை பார்க்கறேன்னு தெரியுமில்ல?

— தெரியாம என்ன? சளி, சீழ் எல்லாம் வாங்கி, அதுல கிருமி வளருதான்னு பார்ப்பே.

— போன தடவை பூந்தொட்டிக்குன்னு ரெண்டு பக்கமும் மண்ணு அள்ளிட்டுப் போனேனே, அதையும் ஒரு ஆசைக்கு வளர்த்துப் பார்த்தேன். மறுநாள் பார்த்தா மேற்கு மண்ணு போட்ட லேப் தட்டு நிறையக் கிருமி பூத்துக் கிடக்கு. கிழக்கு மண்ணுல அங்கொண்ணு இங்கொண்ணு, புள்ளி வச்ச மாதிரி.

— கண்ணு, நான் இப்பச் சொல்லிடறேன். அந்த மருந்து இருக்கே...

— வேண்டாம்க்கா, கண்ணைத் துடை. கிழக்கைத்தான் எடுக்கணும்னு நான் அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். எனக்குச் சம்பளம் இருக்கு, சாணியும் தழையும் போட்டு வருஷக்கணக்கா விட்டு வைப்பேன். உங்களால அப்படிக் காத்திருக்க முடியாது. மண்ணு பிழைச்சுக்கும். நீ சொல்லுவேன்னுதான் கார்லேருந்து இறங்கினதுலேருந்து காத்துக்கிட்டிருந்தேன்.