வெந்நீர்ப் பெட்டியைத் தெற்கே திருப்பிய ஆதிராஜ் அவர்களுக்கு

"தெற்கு எமன் திசைங்க! மலைக்கு முதுகு காட்டி வைக்கச் சொல்றீங்களே, நல்லா இருக்குதா?"

"மலையை நீங்க பாருங்க மூர்த்தி. பெட்டி சூரியனைப் பாக்கட்டும்."

செங்கம் ரோட்டில் புது லாட்ஜ் கட்டிய மூர்த்தியோடு மொட்டை மாடியில் நீங்கள் போட்ட இந்தச் சண்டை, படிக்கட்டில் நின்ற எங்கள் காதில் இன்னும் ஒலிக்கிறது, ஐயா! வெயிலுக்கு அஞ்சாத வேந்தே! வெந்நீருக்கு விதி வகுத்த வித்தகரே! கட்டட அனுமதிப் பிரிவின் பொறியாளர் ஆதிராஜ் ஐயா அவர்களே! வணக்கம். இதற்கு மேல் அலங்காரம் எங்களுக்கு வராது. மனசில் பயம் வேறு இருக்கிறது.

இந்த ஊரில் எதை வைத்தாலும் மலையைப் பார்த்துத்தான் வைப்போம். மூர்த்தியும் சூரிய வெந்நீர்ப் பெட்டிகளை வடக்கே மலையைப் பார்த்து வைத்து, சூடமும் காட்டிவிட்டார். மார்கழியில் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர். ரூமுக்கு ஒரு கீசர் மாட்டினார். அக்கம்பக்கத்து லாட்ஜுகளும் மாட்டின. பௌர்ணமி விடிகாலையில் கிரிவலம் முடித்து வந்தவர்கள் எல்லா கீசரையும் ஒன்றாகப் போட, டிரான்ஸ்பார்மர் வெடித்துத் தெருவே இருண்டது. சோப்பு நுரையோடு நின்றவர்கள் போட்ட சத்தம் கோபுரம் வரை கேட்டிருக்கும்.

அதன் பிறகுதான் அந்த விதியை எழுதினீர்கள். புதுக் கட்டடம் என்றால் பெட்டி தெற்கே பார்க்க வேண்டும், குழாய்க்குச் சூடு இறங்காத உறை வேண்டும், கடைசி ரூமிலும் வெந்நீர் வர வேண்டும். மூர்த்தியின் பெட்டிகளைக் கூடவே நின்று திருப்ப வைத்தீர்கள். மறுநாள் அவரே குளித்துவிட்டு வந்து, "சூடு கொஞ்சம் ஜாஸ்திங்க" என்று குறை சொன்னார்!

சூரியன் அடங்குமுன் சாப்பிட்டுவிடும் சமண வீட்டுப் பிள்ளை நீங்கள். அதனால்தான் உங்கள் பணி ஓய்வு விழாவை மூன்று மணிக்கே வைத்தோம்.

ஆனால் ஐயா, அந்த விதி வேண்டுமா வேண்டாமா என்று வரும் திங்கட்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம். "ஆதிராஜ் போனா அதுவும் போயிடும்" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். விதிக்காகப் பேச வருவாரா என்று மூர்த்தியைக் கேட்டோம். "லாட்ஜ்காரங்க சங்கமே வேண்டாங்குது, அங்க எனக்கு ஏதுங்க வாய்?" என்று நழுவிவிட்டார். வேலையில் இருக்கும் நாங்கள் அங்கே நாற்காலி போடலாம், வாய் திறக்க முடியாது. நாளை முதல் நீங்கள் திறக்கலாம்.

நீங்களும் உங்கள் துணைவியார் குசுமாவதி அம்மாவும் நோய் நொடியின்றி நூறாண்டு வாழ வேண்டும். அதில் ஒரு திங்கட்கிழமையை மட்டும் எங்களுக்குக் கொடுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்போதே கேட்கிறோம், மாலை வாங்கிக்கொண்டு சிரித்து மழுப்பாதீர்கள். கூட்டத்துக்கு வருவீர்களா, ஐயா? இந்த மைக்கிலேயே பதில் சொல்லுங்கள்.

கட்டட அனுமதிப் பிரிவு ஊழியர்கள்
திருவண்ணாமலை, 31.5.2003