நான் ஒட்டி வைத்த பக்கம்

என் சிறுகதைத் தொகுதியை இருபது நிமிடம் புகழ்ந்துவிட்டுத் தலைமை ஆசனத்தில் அமர்ந்திருக்கும் பாடசாலை அதிபர் நல்லையா அவர்களே, முதற்பிரதி பெறக் காத்திருக்கும் ஸப்ரி ஹாஜியார் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே, பல்லேபொலயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த தாய்மார்களே, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துவிட்ட புத்திசாலிகளே! உங்கள் அனைவருக்கும் நுஸ்லாவின் ஸலாமும் வணக்கமும்.

கைதட்டாதீர்கள். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! சபையோரே, நான் சந்தேகத்தைச் சோறாகத் தின்றவள். யாராவது புகழ்ந்தால், இவருக்கு என்ன வேண்டும் என்று நினைப்பேன். புகழாவிட்டால் பொறாமை என்று நினைப்பேன். எழுதிய வரியைச் சந்தேகித்தேன், எழுதிய பேனையைச் சந்தேகித்தேன், எழுதிய கையையே சந்தேகித்தேன். இன்னும் கொஞ்சம் திருத்தலாம், இன்னும் கொஞ்சம் திருத்தலாம் என்று பதினோரு ஆண்டுகள் இந்தக் கதைகளைக் கடை மேசை லாச்சிக்குள் பூட்டி வைத்திருந்தேன்.

என் கடை எது? உக்குவளையில் போட்டோகொப்பிக் கடை. தாளுக்கும் பசைக்கும் பஞ்சமில்லை. ஆகவே ஒரு சூழ்ச்சி செய்தேன். கதைகளைப் பிரதியெடுத்து ஆறு பேருக்கு வாசிக்கக் கொடுத்தேன். ஒவ்வொரு பிரதியிலும் நாற்பதாம் பக்கத்தையும் நாற்பத்தோராம் பக்கத்தையும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டேன். உண்மையாக வாசிப்பவர் பிரிக்கத்தானே வேண்டும்?

ஐந்து பிரதிகள் திரும்பி வந்தன. “அற்புதம்!” “அபாரம்!” “கண்ணீர் வந்தது!” ஒட்டிய பக்கமோ ஒட்டியபடியே இருந்தது. அந்த ஐவரின் பெயரைச் சொல்லமாட்டேன். இருவர் இந்த மேடையில்தான் இருக்கிறார்கள். தலைவர் அவர்களே, ஏன் அவசரமாகத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?

ஆறாவது பிரதி ரஜனிக்குப் போனது. தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். அடுத்த வாரம் வந்தாள்.

“அக்கா, ரெண்டு பக்கம் ஒட்டிக்கிடந்துச்சு. பிளேன்டி கோப்பை ஆவியில காட்டித்தான் பிரிச்சேன். மத்ததெல்லாம் நல்லா சோடிச்சி எழுதியிருக்கீங்க. இதுல மட்டுந்தான் நீங்க பேசுறீங்க. இதைப் போயி ஏன் ஒட்டி வச்சீங்க?”

“நான் ஒட்டினேன் என்று யார் சொன்னது?”

“தானா ஒட்டினா ஒரு மூலையில ஒட்டும். இது நாலு ஓரமும் ஒட்டியிருக்கே! யாரும் பார்க்கக்கூடாதுன்னு நெனைச்சீங்களோ?”

சபையோரே, அந்த ஒரு கேள்வியில் என் வேஷம் கலைந்தது. ஆறு பிரதியிலும் ஏன் அதே பக்கம்? ஐந்தாம் பக்கத்தை ஒட்டியிருக்கக்கூடாதா? ஐம்பதாம் பக்கத்தை ஒட்டியிருக்கக்கூடாதா? வாசகரைச் சோதிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் ஒளித்தேன்! குறையில்லாமல் எழுதவேண்டும் என்று சொல்லிக்கொண்டு நான் ஒளிந்தேன்! திருத்தம் என்பதெல்லாம் பயத்துக்கு நான் வைத்த பட்டப்பெயர்!

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது? பதினாறு வயதில் நான் கவிதை எழுதிய கொப்பி இருக்கிறது. என் வாப்பா புஹாரி மாத்தளையில் சரக்குக் கடை வைத்திருந்தார். பழைய பள்ளிக்கூடக் கொப்பி என்று நினைத்து, அதைத் தாள் தாளாகக் கிழித்து மிளகு சுற்றிக் கொடுத்தார். “இது வேணுமா மகள்?” என்று கடைசித் தாளில்தான் கேட்டார். “வேணாம் வாப்பா, பழசுதான்” என்றேன். என் கவிதைகள் ஊர் முழுக்கப் போயின. மிளகு நல்ல உறைப்பு என்றார்கள். கவிதையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வாப்பா, எழும்பாதீங்க. அங்கேயே இருங்க.

உங்களுக்கு இது இந்த நிமிடம்தான் தெரிகிறது. கிழித்ததற்காக நான் அழவில்லை. வாசித்துப் பார்த்து, இது மிளகு சுற்றத்தான் லாயக்கு என்று முடிவு செய்துதான் கிழித்தீர்களோ? அந்தச் சந்தேகத்தை உங்களிடம் கேட்கத் துணிவில்லாமல் ஊரையே சந்தேகித்தேன், வாப்பா. தலையாட்டாதீர்கள், தலையாட்டலை நான் நம்பமாட்டேன்.

ஸப்ரி ஹாஜியார் என்னை மன்னிக்கவேண்டும். வழக்கத்தை மீறுகிறேன். முதற்பிரதி என் வாப்பாவுக்கு.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. வாசிக்கப் போகிறவர்களுக்கு என் ஸலாம், வாசிக்காமலே புகழப் போகிறவர்களுக்கு என் வணக்கம்.

மேடைக்கு வாங்க வாப்பா. வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிங்க. நல்லா இல்லையெண்டா, நல்லா இல்லையெண்டே சொல்லுங்க. நான் அடுத்த கதையைத் தொடங்கிட்டேன்.