கேட்டதையெல்லாம் போட்டேன்

காலையில் தீவனத் தொட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்கு டீ தொண்டையில் இறங்கும். இருபத்தாறு வருடப் பழக்கம். இன்று ஸ்டேஷனுக்கு வந்ததில் அது தவறிவிட்டது. பரவாயில்லை சார்ஜென்ட், உங்கள் டீ நன்றாகவே இருக்கிறது.

என் வேலையைக் கேட்டீர்கள். காண்டமைன் ஆற்றுப் பக்கம் என் அண்ணன் மெர்வின் நடத்திய மாட்டுப் பட்டி. எலும்பும் தோலுமாக வரும் மாடுகளை நூறு நாள் பார்லி போட்டுத் தேற்றிக் கறிக்கு அனுப்புவோம். விடிந்ததும் ஒவ்வொரு தொட்டியிலும் என்ன மிச்சம் என்று பார்த்து, அன்றைக்கு எவ்வளவு போடலாம் என்று சொல்பவன் நான். நக்கித் துடைத்துக் கிடந்தால் கொஞ்சம் கூட்டுவேன். மிச்சம் கிடந்தால் குறைப்பேன். வறட்சியில் பட்டினி கிடந்து வந்த மாட்டுக்கு முதல் வாரம் வைக்கோல்தான், பார்லி பேருக்குத்தான். மூன்று வாரத்தில் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். பாவம் பார்த்து ஒரே நாளில் தொட்டியை நிரப்பினால் வயிறு புளித்து, இரத்தம் கெட்டு, படுத்த மாடு எழுந்திருக்காது.

மெர்வுக்கு அந்தப் பொறுமை கிடையாது. "என்னமோ உன் மாமியார் வீட்டு பார்லி மாதிரி கிள்ளிக் கிள்ளிப் போடுறியேடா, கஞ்சப் பிசினாறி" என்பான். இரண்டு வருடத்துக்கு முன் நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், வந்து நாலே நாளான மாடுகளுக்கு அவனே தொட்டியை நிரப்பச் சொன்னான். அறுபத்து மூன்று மாடுகள் செத்தன. அன்று சாயங்காலம் ஊரே உட்கார்ந்து குடிக்கிற இடத்தில், "என் தம்பிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. அவன் பாத்த தொட்டிதான்" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

செத்த மாடுகளை அறுத்துப் பார்த்த கால்நடை டாக்டர் கை கழுவிக்கொண்டே என்னிடம் ஒன்று சொன்னார். "மனுஷன் கதையும் இதேதான் லயல். வாரக்கணக்கா பட்டினி கிடந்தவனுக்கு விருந்து வச்சா நெஞ்சு நின்னுடும்."

ஆமாம், அப்போதே எனக்குத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஜனவரியில் மெர்வ் ஒரு கேமரா வாங்கினான். தொட்டியை அதுவே பார்த்துச் சொல்லிவிடுமாம். "மழைக்காலம் முடிஞ்சதும் அது பாத்துக்கும். நீ வேலி கட்டு" என்றான். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. தொட்டி பார்ப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பிப்ரவரியில் வெள்ளம் வந்தது. மாடுகளை மேட்டுக்கு ஓட்டப் போன மெர்வ் திரும்பவில்லை. அவன் வண்டி ஆற்றோடு போய்க் கீழே கிடைத்ததால் தேடியவர்களும் கீழேயே தேடினார்கள். நான் பதினேழாம் நாள் தகரப் படகில் மேலே போனேன். அக்கரை மேட்டில், பழைய கொட்டகைக்குள் உயிரோடு, எலும்பும் தோலுமாகக் கிடந்தான். கட்டிக்கொண்டு அழுதேன். அது பொய்யில்லை.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். மெர்வுக்கு ஏளனம் மட்டும் பறக்கவில்லை. படகில் படுத்தபடி, "இத்தனை நாளும் நீயாடா தொட்டி பாத்த? அப்ப மாடும் என்னை மாதிரிதான் இருக்கும்" என்றான். சிரிக்கக்கூடத் தெம்பில்லை, ஆனாலும் சிரித்தான். நான் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முடிவு செய்தேன் என்று நினைக்கிறேன்.

கிடைத்துவிட்டான் என்று உங்களுக்குப் போன் செய்தது நான்தான். "நல்லா இருக்காரா?" என்று கேட்டீர்கள். "பசியாத்தான் இருக்கான்" என்றேன். நீங்களும் சிரித்தீர்கள்.

வீட்டில் அவன் கேட்டதையெல்லாம் போட்டேன். வறுத்த கறி, ஆறு முட்டை, வெல்லப்பாகு ஊற்றிய ரொட்டி, டின்னில் அடைத்த பீச் பழம், பீர். "இன்னும் போடுடா" என்றான். போட்டேன். இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் அவன் பேச்சுக்கு நான் இப்படிக் கீழ்ப்படிந்ததில்லை.

அவன் மனைவி நோலீன், சாலை அறுந்து அந்தப் பக்கம் டவுனில் மாட்டிக்கொண்டிருந்தாள். போனில் துருவித் துருவிக் கேட்டாள்.

"ஹெலிகாப்டர் அனுப்பச் சொல்லட்டுமா லயல்?"

"வேண்டாம் அண்ணி. டாக்டர்கிட்டப் பேசிட்டேன். நல்லா சாப்பிடட்டும்னாங்க."

"எந்த டாக்டர்?"

"லைன் சரியா கேக்கல அண்ணி" என்று வைத்துவிட்டேன். நான் எந்த டாக்டரிடமும் பேசவில்லை.

இரண்டாம் நாள் அவன் கால் வீங்கியது. மூன்றாம் நாள் விரலெல்லாம் மரத்துப் போகிறது என்றான், கரண்டி பிடிக்க வரவில்லை. நான் ஊட்டிவிட்டேன். கொஞ்சம் பயந்து என் முகத்தையே பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான். நாலாம் நாள் மத்தியானம் மேசையிலேயே சாய்ந்தான்.

அடக்கத்தின்போது எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசிவரை தம்பி கையாலேயே சாப்பிட்டான் என்று கண் கலங்கினார்கள். நோலீன் மட்டும் என் கையைத் தொடவில்லை. மறுநாள் வந்து கொல்லைப்பக்கமெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு நேரே உங்களிடம் வந்தாள்.

அவள் காட்டியதைத்தான் நீங்கள் இப்போது கேட்கிறீர்கள். மெர்வோடு அந்த மேட்டில் அவன் நாயும் பதினேழு நாள் பட்டினி கிடந்தது. அதையும் அதே படகில்தான் கொண்டுவந்தேன். நாய்க்கூண்டுச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதியிருப்பது என் கையெழுத்துதான். முதல் நாள் நாலு கரண்டி எலும்புச் சாறு, ஆறு வேளை. இரண்டாம் நாள் ஐந்து கரண்டி. எட்டாம் நாள்தான் கறி. இப்போது நன்றாக ஓடுகிறது, போய்ப் பாருங்கள்.

அதற்கு மட்டும் ஏன் அளந்து போட்டாய் என்கிறீர்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை, சார்ஜென்ட். நாய் பிழைக்க வேண்டும் என்று நினைத்தேன்.