தென்னரசு சாரின் தழைச்சத்து

வாழைப்பழத் தோலை முழுசாகப் போட்டால் மக்குவதற்கு நாளாகும், இன்ஸ்பெக்டர் மேடம். சின்னச் சின்னதாக நறுக்கித்தான் போட வேண்டும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் எதையும் யோசிக்காமல் செய்கிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் பெயர் அம்சவள்ளி. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். விழுப்புரத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வீடு. ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு நீல டிரம்மில் சுற்றிலும் துளை போட்டு மொட்டைமாடியில் வைத்தேன். காய்கறித் தோல், டீத்தூள், காய்ந்த சருகு, கொஞ்சம் புளித்த மோர். மூன்று மாதத்தில் கறுப்பாக, பொலபொலவென்று உரம் கிடைத்தது. அதைக் கையில் அள்ளியபோது எனக்கு உண்டான நிறைவு, இரண்டு பிள்ளைகளைப் பெற்றபோதுகூட உண்டாகவில்லை. அவர்களிடமே சொல்லியிருக்கிறேன்.

பிறகு டிரம் நான்காயிற்று. வீட்டுக் குப்பை போதவில்லை. என் வீட்டுக்காரரின் பருத்தி வேட்டிகளைக் கத்தரித்துப் போட்டேன். பழையவைதான், இரண்டைத் தவிர. தெருவில் சாவு விழுந்தால் ஊர்வலத்துக்குப் பின்னால் பையோடு போய், இறைக்கிற பூவைப் பொறுக்கினேன். கடைசி வரைக்கும் கூட வந்தேன் என்று அந்த வீட்டுப் பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன். அன்றைக்குச் சாமந்தி நிறைய.

நான்காவது டிரம் மட்டும் சூடேறவில்லை. நல்ல குவியலுக்குள் கை விட்டால் சுட வேண்டும். இது சில்லென்று கிடந்தது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவு. தலைமுடியில் தழைச்சத்து அதிகம் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். சலூனுக்குப் போனேன். கடைக்காரர் மண்ணாங்கட்டி முதலில் முடி கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். மூன்றாவது வாரம், "முடி வெட்டிக்கினு இருக்கும்போது பக்கத்துல வந்து நின்னு பாக்காதீங்கம்மா. கஸ்டமருங்க பயப்படறாங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்.

அந்த வாரம்தான் அடுத்த வீட்டு மொட்டைமாடியில் தென்னரசு சாரின் டோப்பா காய்ந்தது.

தென்னரசு சார் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அவருக்கு டோப்பா உண்டென்று தெருவுக்கே தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொள்வது எங்கள் தெருவின் மரியாதை. "திருப்பதி முடிதான்க்கா, ஒரிஜினல்" என்று அவர் மனைவி கலையரசி என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தாள். மறுநாள் அவர்கள் பெண் கலைப்பிரியாவைப் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அதற்காக ஷாம்பூ போட்டு அலசி, இரண்டு கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிட்டிருந்தார்கள். நடுவில் இருக்கிற சுவர் இடுப்பளவுதான். காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று கலையரசியிடம் நான் சொன்னது பொய். கிளிப்பைத் திரும்பக் கொடியிலேயே மாட்டிவிட்டுத்தான் வந்தேன். அடுத்தவர் பொருள் எனக்கு எதற்கு?

மாலை முழுவதும் அவர்களோடு சேர்ந்து நானும் தேடினேன். தென்னரசு சார் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். மேலே என் டிரம் மெல்லச் சூடேறுகிற மாதிரி எனக்குப் பட்டது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன என்பதைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சம்பந்தியை வரவேற்றார். மாப்பிள்ளையின் அப்பா வேங்கடேசன் பக்திமான். "இன்னாங்க, வீட்டுக்குள்ளயே தலப்பாகை?" என்று கேட்டார்.

"மயிலம் முருகனுக்கு வேண்டுதல்ங்க. பொண்ணுக்குக் கல்யாணம் கூடிட்டா மொட்டை போடறதா வேண்டிக்கினு இருக்கேன். அதுவரைக்கும் முடியை யாருக்கும் காட்டக்கூடாது."

வேங்கடேசனின் கண் கலங்கிவிட்டது. "அப்ப நானும் பையனும் வர்றோம். சேர்ந்தே மொட்டை போட்டுக்கலாம்."

சொன்னபடியே கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு மயிலம் போனோம். மாப்பிள்ளை ரஞ்சித்துக்கும் அவன் அப்பாவுக்கும் ஐந்து நிமிடத்தில் முடிந்து, குளிக்கப் போய்விட்டார்கள். தென்னரசு சார் துண்டை அவிழ்த்ததும் நாவிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். சார் அவர் காதில் ஏதோ சொல்ல, அவர் பெருமூச்சு விட்டு, வெறுந்தலையில் தண்ணீர் தெளித்துச் சந்தனம் பூசினார். நான் பையோடு போயிருந்தேன். கீழே விழுந்த முடியைக் கேட்டேன், தரவில்லை.

கல்யாண மேடையில் மூன்று மொட்டைகள். கலைப்பிரியா மட்டும் அழுதாள். ரஞ்சித்தின் நெற்றியில் விழும் முடியைப் பார்த்துத்தான் சம்மதித்தாளாம். மற்றபடி ஒரு கல்யாணம் தெய்வ காரியமாக நடந்தது. அதற்குக் காரணம் யார் என்று நான் யாரிடமும் பெருமை பேசவில்லை.

மறுவீட்டு விருந்துக்குச் சம்பந்திகள் வந்திருந்தபோது, மொய்யோடு நிறுத்தினால் மரியாதையில்லை என்று நான்காவது டிரம்மின் உரத்தைச் சலிக்காமலே ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு போனேன். அவசரத்தில் சலிக்காதது என் தப்பு, எழுதிக்கொள்ளுங்கள். கலையரசியின் மல்லிகைத் தொட்டியில் கொட்டினேன். கடைசியில் பொத்தென்று ஒன்று விழுந்தது. சம்பந்தியம்மா பெருச்சாளி என்று நாற்காலி மேல் ஏறிவிட்டார். தென்னரசு சார் மட்டும் அதைப் பார்த்ததும் தன்னையறியாமல், "ஐயோ, என்னோடது" என்றார். அப்புறம் வேங்கடேசன் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். பெண்ணை அழைத்துக்கொண்டு சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்கள். இன்றுவரை போன் இல்லை என்கிறார்கள்.

வெட்கமாக இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. அந்த டோப்பாவை அன்றே கையில் எடுத்துப் பார்த்தேன். மூன்று மாதம் குவியலுக்குள் கிடந்தும் ஒரு இழை கரையவில்லை. ஷாம்பூ வாசனைகூடப் போகவில்லை. ஓரத்தில் தீக்குச்சி வைத்தேன். முடி என்றால் பொசுங்கும். இது உருகிச் சொட்டியது. நைலான், மேடம்.

இத்தனை வருடத்தில் என் டிரம்மில் ஒரு துண்டு பிளாஸ்டிக் விழுந்ததில்லை. அந்த மனிதர் அதைக் கெடுத்துவிட்டார். அவர் மேல் நான்தான் புகார் கொடுத்திருக்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரராயிற்றே என்று விட்டுவிட்டேன்.