வாய் கொப்பளிக்காத காலைகள்

நான் நன்றாகத் தூங்குகிறவள். தலையணையில் தலை வைத்தால் போதும், பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. என் தங்கை அதைச் சொல்லிச் சொல்லியே கேலி செய்வாள். "தூங்குறப்போ உன்னைத் தூக்கிட்டுப் போய் வித்துட்டா, வாங்கினவன் வீட்லதான்கா கண்ணு முழிப்ப" என்பாள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எல்லாமே என் தூக்கத்தை நம்பித்தான் நடந்தது.

அவளைச் சுண்டு என்றுதான் கூப்பிடுவேன், சுண்டெலியின் சுருக்கம். ஓரிடத்தில் நிற்கமாட்டாள். அம்மா போன பிறகு அவளுக்கு எல்லாமே நான்தான், பயிற்சியாளரும் நான்தான். விளையாட்டு விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. மைதானத்தை இரண்டு சுற்று ஓடுவது அவளுடைய ஓட்டம்.

விடுதி டாக்டரம்மா வாரம் ஒருமுறை ஓட்டக்காரிகளின் எச்சிலைச் சோதிப்பார். கண் விழித்ததும், வாய் கொப்பளிக்கும் முன்பே, சின்னக் குழாயில் துப்பிக் கொடுக்க வேண்டும். உடம்பு நெருக்கடியில் தவிக்கும்போது அதிகமாகச் சுரக்கும் கார்டிசால் அதில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். "நிதானமா ஓடினா அது பெருசா ஏறாதும்மா. மூச்சு முட்ட ஓடினா ஏறும். ஏறினா தப்பில்ல, நல்லாத் தூங்கி ஓய்வெடுத்தா தானா இறங்கிடும். இறங்கறதுக்குள்ள மறுபடி மறுபடி விரட்டினாத்தான் வம்பு" என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். நான் தலையாட்டினேன். புரிந்துதான் ஆட்டினேன்.

அணித் தேர்வுக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தபோது சுண்டுவின் கார்டிசால் அளவு எகிறியிருந்தது. ஒரு வாரம் ஓடவே கூடாது என்றுவிட்டார். நான் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் முழங்காலுக்கு ஓய்வு என்று என்னையும் இப்படித்தான் உட்கார வைத்தார்கள். எழுந்து வந்தபோது என் இடத்தில் இன்னொருத்தி நின்றாள். அப்புறம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. என் தங்கைக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று நினைத்தேன். ஒரு அக்கா வேறெப்படி நினைப்பாள்?

அந்த வாரம் முழுக்க அவள் தூங்கினாள், வயிறாரச் சாப்பிட்டாள், என் செருப்பை ஒளித்து வைத்து வம்பிழுத்தாள். திரும்ப ஓடியபோது முன்பைவிட வேகமாகவே ஓடினாள். ஓய்வால் வந்த வேகம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் பயிற்சியால் வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சோதனையிலிருந்து, டாக்டரம்மாவின் அறைக்குப் போகிற வழியில், மாடிப்படி ஓரத்துக் குளியலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வேன். அவள் கொடுத்ததைக் கழுவுதொட்டியில் கொட்டிவிடுவேன். புதுக் குழாயில் அவள் பெயரை ஒட்டி நான் துப்புவேன். நானும் வாய் கொப்பளிக்காமல்தான் வந்திருப்பேன்.

முடிவைப் பார்த்து டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "உடம்பு எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க. இன்னும் கொஞ்சம் ஏத்தலாம்" என்றார். ஏற்றினோம். சுண்டு மெலிந்தாள். தூக்கம் போயிற்று, மாதவிலக்கு நின்றது. ஷூ கயிறு அறுந்துபோனதற்குப் படிக்கட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். "முடியலக்கா" என்றாள். நான் சோதனை முடிவைக் காட்டினேன். "உடம்பு சரியாத்தான்டி இருக்கு. மனசுதான் சண்டித்தனம் பண்ணுது" என்றேன். அவள் என்னை நம்பினாள். அதற்கப்புறம் முடியவில்லை என்று அவள் சொன்னதே இல்லை. தன்னைத்தானே சோம்பேறி, சோம்பேறி என்று திட்டிக்கொள்வாள்.

கடைசியில் காய்ச்சல் வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது என்றாள். மாத்திரை கொடுத்தேன், டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. அன்று சோதனை நாள். நான் கண் விழித்தபோது அவள் எனக்கு முன்பே எழுந்து, தானே குழாயில் துப்பி, இறுக மூடி, என் தலைமாட்டில் வைத்திருந்தாள்.

"இன்னைக்கே பாத்துச் சொல்லச் சொல்லுக்கா. நான் முடியலன்னு சொன்னா அது சோம்பேறித்தனம். அதுவே சொல்லட்டும்."

குழாய் இன்னும் கதகதப்பாக இருந்தது. அதைப் பொத்திக்கொண்டு படியிறங்கினேன். வழக்கம்போல் கொட்டினேன், வழக்கம்போல் துப்பினேன். மதியத்துக்குள் முடிவு வந்துவிட்டது. நான் நன்றாகத் தூங்கியிருந்தேன்.

சாயங்காலப் பயிற்சி ஓட்டத்தில், இரண்டாவது சுற்றின் வளைவில் விழுந்தாள். ஓடிப்போய் மடியில் போட்டுக்கொண்டேன். உடம்பு கொதித்தது. காய்ச்சல் இதயத்தையும் தாக்கியிருந்ததாம், அதனால் நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

டாக்டரம்மாவை விட்டுவிடுங்கள். தான் தவறாகப் படித்துவிட்டோம் என்று அவர் அழுதுகொண்டிருக்கிறார். அவர் சரியாகத்தான் படித்தார். படித்தது என் உடம்பை. அதைச் சொல்லத்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஒன்றை மட்டும் நீங்கள் தவறாக எழுதிக்கொள்ளக் கூடாது. ஓட்டம் தொடங்கும் கோட்டருகே அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னக்கா சொல்லுச்சு?" என்று கேட்டாள். "நீ நல்லா இருக்கேன்னு சொல்லுச்சுடி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஓடு என்று நான் சொல்லவே இல்லை.